குடுமியான்மலைக் கல்லும் குறைகடத்தியும்

குறைகடத்தித் தொழிலுக்காக இந்திய சர்க்கார் 2021ம் வருஷம் டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்ததை நேயர்கள் அறிவார்கள். நாம் அதை வரவேற்கிறோம். ஆயினும் யந்திரங்களை விலைக்கு வாங்கலாம். அவற்றினுள் நடப்பது இன்னதென்ற அறிவை அவ்வாறு வாங்க இயலாது. அவ்வறிவு நமக்கு எட்டாத மாயமுமன்று.

புதுக்கோட்டை ஜில்லா குடுமியான்மலையில் 7ம் நூற்றாண்டின் சங்கீத சாசனம் வெட்டப்பட்ட பாறையை நம்மவர் பலர் கண்டிருப்பார்கள். அக்கருங்கல்லில் ஸிலிகன் பிராணவாயுவுடன் கட்டுண்டு கிடக்கிறது. பிரித்துச் சுத்தம் செய்த ஸிலிகன்தான் கையடக்கத் தொலைபேசியினுள் வேலை செய்கிறது. சாசனத்தில் ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தற்செயலான ஒற்றுமையே எனினும், ஸிலிகனுக்கும் கணக்கு நான்குதான். ஒவ்வோர் அணுவும் தன் புறச்சுற்றிலுள்ள 4 எலெக்ட்ரான்களால் அண்டையிலுள்ள 4 அணுக்களுடன் கைகோத்து நிற்கிறது. பிடி விடுபட்ட எலெக்ட்ரானே மின்சாரத்தைச் சுமக்க வல்லது. சாதாரண உஷ்ணத்தில், சுத்தமான படிகத்தில் சுமார் 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று வீதமே அவ்வாறு விடுபடுகிறது. சூடேற்றினால் மேலும் பல விடுபடும். ஆகவேதான், உலோகத்துக்கு நேர்மாறாக, இது சூட்டில் மின்சாரத்தை அதிகம் கடத்துகிறது.

இப்படிகத்தில் கோடி அணுக்களுக்கு ஒன்று வீதம், 5 எலெக்ட்ரான்களையுடைய பாஸ்பரஸைச் சேர்ப்போமாக. நான்கு கைகோத்தபின் ஐந்தாவது சுயேச்சையாக உலவுகிறது. இத்தகைய எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய 5 லட்சம் மடங்கு பெருகிவிடுகின்றன! மூன்றே உடைய போரானைச் சேர்த்தாலோ ஓர் இடம் காலியாகிறது. பக்கத்து எலெக்ட்ரான் அதில் புக, காலியிடம் எதிர்த்திசையில் நகர்கிறது. இவ்விரு வகைகளையும் ஒரே படிகத்தில் அடுத்தடுத்து அமைத்தால், எல்லையோரத்து எலெக்ட்ரான்கள் மறுபுறக் காலியிடங்களை நிரப்புகின்றன. ஒரு பக்கம் தன மின்னும் மறு பக்கம் ருண மின்னும் நின்று, ஒரு தடுப்பு உண்டாகிறது. மின்கலத்தை ஒரு விதமாக இணைத்தால் அத்தடுப்பு தாழ்கிறது. மாற்றி இணைத்தால் உயர்கிறது. மின்சாரத்துக்கு இது ஒருவழிக் கதவு. சூரிய மின்பலகையில், ஒளியால் விடுபடும் எலெக்ட்ரான்களை ஒரு பக்கமாகத் தள்ளுவதும் இந்த எல்லைதான்.

கோடியில் ஒன்றைச் சேர்ப்பது பயன்பட வேண்டுமாயின், வேண்டாத அணுக்கள் 100 கோடியில் ஒன்றுக்கு மேல் இராதபடி ஸிலிகனை முதலில் சுத்திகரிக்க வேண்டும். பணத்தைவிடப் பழகிய கைகளும் பொறுமையும் இங்கேதான் தேவை.

நம்மவர்க்கு இத்துறை புதிதுமன்று. ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு மின் அலைகளை உணரும் கருவி அமைத்து, 1904ல் அமெரிக்கப் பேடண்டு பெற்றார். 43 ஆண்டுகள் கழித்து, 1947ல் அமெரிக்காவின் பெல் சோதனைச்சாலையார் ஜெர்மேனியப் படிகத்தில் டிரான்ஸிஸ்டரைக் கண்டபோது, போஸ் பிறந்த தேசத்தில் அவ்வழியைத் தொடர ஓர் ஆலையும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யார் வடிவமைத்த ‘சக்தி’ சில்லையும் 2018ல் அமெரிக்க இன்டெல் ஆலைதான் செய்து கொடுத்தது. பிறகு சண்டிகருக்கு அருகிலுள்ள சர்க்கார் ஆலையிலும் ஒன்று செய்யப்பட்டது. அது நமக்கு ஆறுதலே.

ஆலைகளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் கல்லூரிகளின் பௌதிகச் சோதனைச்சாலைகளுக்குச் சர்க்கார் ஒதுக்க வேண்டும். மாணவர்கள் டையோடைச் சூடேற்றி, மின்சாரம் எவ்வளவு மாறுகிறதென்று தாமே அளந்து, கண்டதைத் தமிழில் எழுதட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் 1982ல் தோன்றியது. அதைப் போன்றதொரு சோதனைச்சாலை, சிறிய அளவிலேனும், புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கும் கிடைக்க வேண்டுமென்று கோருகிறோம்.