மீற்றருக்கு வழி விடுங்கள்



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் தில்லையடியில் ஓலைக் குடிசை போட்டபோது, ஒழுங்கையில் வாகனம் வரும் என்று யார் நினைத்தார்கள்? உலக வங்கியின் உதவியுடன் 2007 இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தாலும் சொந்த உழைப்பாலும் கல்வீடுகள் எழுந்தன. ஆனால் ஒழுங்கைகள் அகலவில்லை. இன்று முச்சக்கர வண்டியும் சின்ன லொறியும் நிற்பது பல வீடுகளில் மீற்றர் பெட்டிக்கு முன்னால்தான்.

இது சின்ன விடயமல்ல. வாசிக்க வருபவருக்கு இலக்கம் தெரியாவிட்டால், முந்திய மாதங்களைப் பார்த்து உத்தேசமாகப் பட்டியல் எழுதப்படலாம். வீட்டு மின்சாரத்தில் 30 நாட்களுக்கு 60 அலகைத் தாண்டினால், முதல் அலகிலிருந்தே கூடிய விலை. நீங்கள் பாவித்தது 55, உத்தேசம் 70 என்றால் நட்டம் யாருக்கு? குறைத்து எழுதினாலும் ஆபத்துத்தான். விடுபட்ட அலகுகள் பிறகு ஒரேயடியாக வரும். கூலி வேலையில் பிள்ளைகளை வளர்க்கும் தாய் அதை எப்படிக் கட்டுவாள்? கட்டாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வதிவிடத்தைக் காட்டவும் இந்தப் பட்டியல்கள் உதவும் என்பதை மறவாதீர்கள்.

நீர் மீற்றருக்கும் இதே கதைதான். அதன் மூடிமேல் சில்லு ஏறினால் உடையும். குழாய் வெடித்தால் பக்கத்திலுள்ள வால்வை மூடவும் முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் மீற்றரை நீங்களே வாசியுங்கள். மாதந்தோறும் ஒரே திகதியில் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். சென்ற மாதம் 4312, இம்மாதம் 4367 என்றால் பாவித்தது 55 அலகு. முடிந்தால் தொலைபேசியில் படமும் எடுங்கள். பட்டியலோடு பொருந்தாவிட்டால் கொப்பியையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போய்த் திருத்தக் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம்.

அடுத்து, வாகனக்காரரிடம் பேசுங்கள். "தம்பி, மீற்றர் பார்க்க ஆள் வரும் நாட்களில் வண்டியைக் கொஞ்சம் தள்ளி விடுங்கள்" என்று திகதியைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஆண் துணை இல்லையே என்று தயங்க வேண்டாம். இது சண்டையல்ல, உங்கள் உரிமை. அயல் பெண்கள் இருவரோடு போனால் சொல்லுக்குப் பலம் கூடும்.

கேட்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் முறையிடுங்கள். அதிலும் தீராத அயலவர் பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அச்சபையில் சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. பொதுப் பாதையை மறித்தால் பொலிசாரிடம் சொல்லலாம்.

வீட்டுக்கு வாகனம் வாங்கிய சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: நிறுத்துமுன் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். அங்கே ஒரு பெட்டி இருந்தால், அடுத்த வீட்டுக்காரியின் மாதச் செலவு அதற்குள் இருக்கிறது.