ஜெயிலில் ஒரு ராத்திரி, வாடகை பல்லாயிரம் ரூபாய்

இஸ்தான்புல் போகிறவர்கள் பெரும்பாலும் சுல்தானாமெத் பகுதியில்தான் அறை தேடுவார்கள். ஹாகியா சோபியா (கி.பி. 537) ஒரு பக்கம், நீல மசூதி (1617) இன்னொரு பக்கம். தொப்காபி அரண்மனையும் நடக்கிற தூரம்தான். இவற்றுக்கு நடுவே மஞ்சள் பூசிய ஒரு கட்டடம். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல். மொத்தமே 65 அறைகள். ஒரு ராத்திரி வாடகை, சாதாரணக் குடும்பம் பல மாசம் தள்ளுகிற காசு.

இந்த ஹோட்டலின் முகவரியைக் கொஞ்சம் பாருங்கள்: தெவ்கிஃபானே தெரு, எண் 1. தெவ்கிஃபானே என்றால் சிறைச்சாலை!

ஆமாம், பழைய ஜெயிலேதான். ஒட்டோமான் ஆட்சியின் கடைசி நாட்களில், 1918-19 வாக்கில் கட்டினார்கள். 1996-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள். கைதிகள் நடமாடிய முற்றத்தில் இப்போது பூச்செடிகள், சாப்பாட்டு மேஜைகள்.

உள்ளே இருந்தவர்கள் வெறும் திருடர்கள் இல்லை. கவிஞர் நாஜிம் ஹிக்மத் 1939-ல் இங்கேதான் அடைபட்டிருந்தார். ஓர்ஹான் கெமால், கெமால் தாஹிர், அஸிஸ் நெசின் என்று துருக்கியின் பெரிய எழுத்தாளர்கள் பலர் இந்தச் சுவருக்குள் இருந்திருக்கிறார்கள். ஹிக்மத்தின் குடியுரிமையை 1951-ல் பறித்த அரசு, அதைத் திருப்பிக் கொடுத்தது 2009-ல். அவர் மாஸ்கோவில் செத்து 45 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

இதற்காக ஹோட்டலைத் திட்டுவது ரொம்ப சுலபம். ஆனால் அது நியாயமில்லை. ஆள் இல்லாத கட்டடம் என்ன கதியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். வளைவுகளும் நீல ஓடுகளும் இன்று நிற்கின்றன என்றால் அந்த வாடகைப் பணம்தான் காரணம். அந்தப் புண்ணியத்தை மறுக்க முடியாது. (ஹோட்டலை விரிவாக்கப் பார்த்த இடத்தில் பைசாண்டிய அரண்மனையின் மிச்சங்கள் இருந்ததும், யுனெஸ்கோ கவலைப்பட்டதும் தனிக் கதை.)

சிக்கல் வேறு இடத்தில். 1500 வருஷத்துக்கு முந்தைய பேரரசர் கதை யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது, அதனால் ஜன்னல் வழியாகக் காட்டி விற்கலாம். 1939-ல் ஒரு கவிஞன் ஏன் உள்ளே இருந்தான் என்பது அப்படியில்லை. அது 'முன்னாள் சிறை' என்கிற சுவாரசியமான தகவலாகச் சுருங்கிவிடுகிறது, மெத்தை விரிப்பு மாதிரி ஒரு வசதியாக.

காமர்ஸ் பாடத்தில் குட்வில் என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. இந்த ஹோட்டலின் குட்வில்லில் ஜஸ்டினியன் பேரரசருக்கும் பங்கு உண்டு, சுல்தான் அகமதுக்கும் உண்டு, அங்கே கம்பி எண்ணியவர்களுக்கும் உண்டு. வாடகை வாங்குவது மட்டும் ஒருத்தர்.

அதற்காக அங்காராவின் உலுசான்லர் சிறை மாதிரி முழுசாக மியூசியம் ஆக்கு என்று கேட்க வேண்டியதில்லை. 1925-ல் திறந்து 2006-ல் மூடிய அந்தச் சிறை, 2011 முதல் அருங்காட்சியகம். இங்கே அவ்வளவு வேண்டாம். 65 அறைகளில் ஒரே ஒரு அறை போதும். கட்டில், மினிபார் எதுவும் இல்லாமல். தெருவில் போகிற யாரும் காசு கொடுக்காமல் உள்ளே வந்து பார்க்கிற மாதிரி, அங்கே யார் யார் இருந்தார்கள், என்ன குற்றச்சாட்டு, எத்தனை வருஷம் என்று எழுதி வைத்த ஒரு அறை.

எழுத்து ஏற்கனவே இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். வாசலுக்கு மேலே சிறையின் பழைய பெயர் பொறித்திருக்கிறது, பழைய ஒட்டோமான் எழுத்தில். துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது 1928-ல். இன்று அந்தத் தெருவில் நடக்கிற துருக்கியர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது.