பாஸான பேப்பரை மறுபடி படிக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அரியர் வைத்தவனின் புலம்பல் இல்லை. முதல் வருடம் பிசினஸ் மேத்ஸில் நான் பாஸ். நூற்றுக்கு 46. கிரெடிட் ஏறிவிட்டது, மார்க் ஷீட்டும் வந்துவிட்டது. இப்போது மூன்றாம் வருடம். "அந்தப் பேப்பரை மறுபடி முதலில் இருந்து படிக்கப் போறேன்டா" என்றதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான், காய்ச்சலா என்று. அவனுக்கும் அவனைப் போல நினைக்கிற எல்லோருக்கும்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் ஆரம்பித்தது சோமனூரில். என் மாமா அங்கே விசைத்தறி ஓட்டுகிறார். தறிகளைச் சரி செய்ய 2 லட்சம் கடன் வாங்க வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நீதான் பி.காம் படிக்கறயே. பைனான்ஸ்ல பன்னண்டு பர்சண்டுங்கறாங்க, பேங்க்ல பதினாலுங்கறாங்க. ரெண்டும் ஒரு வருசத் தவணை. எது நமக்குக் கட்டும்?"

"பன்னண்டுதானுங்க மாமா கம்மி" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து பைனான்சியல் மேனேஜ்மென்ட் வகுப்பில் ஆன்யுட்டி கணக்கு வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பைனான்ஸில் சொன்ன 12, பிளாட் ரேட். அதாவது மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 2 லட்சத்துக்கும் வட்டி. மொத்த வட்டி 24,000. பேங்க்கில் சொன்ன 14, குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும். அப்படிப் போட்டால் மொத்த வட்டி சுமார் 15,500தான். பைனான்ஸின் 12-ஐயும் அதே முறைக்கு மாற்றினால் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது!

என் ஒரு வார்த்தையில் மாமாவுக்கு 8,500 ரூபாய் நஷ்டம். போய்ச் சொன்னேன். "உடு கண்ணு, ஆனது ஆச்சு" என்றார். அப்புறம் நிஜமாகவே தெரியாமல் கேட்டார்: "நீ கணக்குல பாஸ்தானே பண்ணுனே?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பாஸ்தான் பண்ணினேன். எப்படிப் பண்ணினேன் என்பதுதான் கதை. நான் பத்தாவது படித்தது 2020-21. பாதி வருடம் செல்போனிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் போனது. 2021 ஜனவரி 19-ல் பள்ளி திறந்தார்கள். பிப்ரவரி 25-ல் ஆல் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். தெருவில் பட்டாசு வெடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எங்கள் சான்றிதழில் மார்க்கே கிடையாது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்தபோது, கணக்குக்குப் பயந்து பிசினஸ் மேத்ஸ் இல்லாத குரூப்பாகத் தேடிச் சேர்ந்தேன். 2023-ல் கல்லூரிக்கு வந்தால் அந்தப் பேப்பர் வாசலிலேயே நின்றது. பழைய வினாத்தாள்களைப் புரட்டி, திரும்பத் திரும்ப வருகிற பன்னிரண்டு கணக்குகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். ஐந்து அப்படியே வந்தன. பாஸ்.

அந்த ஆல் பாஸ் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தேர்வு அறையில் உட்கார வைக்க யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. 2020 ஆகஸ்டில் கல்லூரி அரியர்களுக்கும் பணம் கட்டியிருந்தால் பாஸ் என்று அறிவித்தார்களே, அது வேறு. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021-ல் சொல்லிவிட்டார்கள். எங்கள் விஷயத்தில் அரசு கொடுத்தது அடுத்த வகுப்புக்குப் போக ஒரு கேட் பாஸ். கணக்கைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. விட்டுப்போனதை அப்புறமாவது படித்திருக்க வேண்டியது நான்.

நம் பாஷையிலேயே சொல்கிறேன். லெட்ஜரில் சரக்கு இருப்பு என்று எழுதியிருக்கிறது. குடோனைத் திறந்து பார்த்தால் காலி. ஆடிட்டர் வந்தால் என்ன எழுதுவார்?

இதே கொங்கு மண்ணில், ஈரோட்டில் 1887-ல் பிறந்தவர் ராமானுஜன். மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் எப்.ஏ. தேர்வில் பெயில். கணக்கு தெரிந்தும் அவரிடம் சான்றிதழ் இல்லை. என்னிடம் சான்றிதழ் இருக்கிறது, கணக்கு இல்லை. இரண்டில் எது மேல் என்று கேட்கவும் வேண்டுமா?

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். ஒன்று, மறுபடி படித்தாலும் அந்த 46 மாறப்போவதில்லை. உண்மை. இரண்டு, சி.ஏ. போவதென்றாலும் காமர்ஸ் டிகிரியில் 55 சதவீதம் இருந்தால் பவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டருக்குப் போகலாம். பவுண்டேஷனில்தான் கணக்குப் பேப்பர் இருக்கிறது, அது மிச்சம். இதுவும் உண்மை. ஆனால் இன்டரில் காஸ்டிங்கும் பைனான்சியல் மேனேஜ்மென்ட்டும் காத்திருக்கின்றன. நிகழ்கால மதிப்பு தெரியாமல் அதில் ஒரு முதலீட்டுக் கணக்கைக்கூடத் தொட முடியாது. மூன்று, நேரம். மூன்றாம் வருடத்தில் பிராஜெக்ட், இன்டர்வியூ என்று ஆயிரம் வேலை. இதுதான் கொஞ்சம் வலுவான வாதம்.

அதனால் எல்லோரும் பழைய புத்தகத்தைத் தூக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். பாஸான அதே பாடத்தின், நீங்கள் பார்க்காத ஒரு வினாத்தாளை எடுங்கள். புத்தகம், போன் எதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் எழுதுங்கள். பாதிக்கு மேல் வந்தால் வேறு வேலையைப் பாருங்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். நானே திருத்தியும், தாராளமாகத் திருத்தியும், 27.

ஆக, முடிவு எடுத்துவிட்டேன். முதல் வருட வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார மேடத்திடம் அனுமதி கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அட்டெண்டன்ஸ் எல்லாம் கிடையாது, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை. வீட்டில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன். கூட்டு வட்டி அங்கேதான் வருகிறது. பிறகு பிளஸ் ஒன் வணிகக் கணிதம். ஜூனியர் பசங்க சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மாமாவுக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி. முன்கூட்டியே அடைத்தால் வட்டியில் ஏதாவது குறையுமா என்று கேட்டிருக்கிறார். இந்தத் தடவை உடனே பதில் சொல்லவில்லை. கடன் பத்திரத்தை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். வார்த்தை வார்த்தையாகப் படித்து, கணக்குப் போட்டுவிட்டுச் சொல்கிறேன் மாமா என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு அந்த வினாத்தாளில் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். 27-க்குக் கீழே யாராவது இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.