வர்த்தக சங்கத்தாரின் கடமை

"உள்ளூர்க் கடைகளிலேயே சாமான் வாங்குங்கள்" என்று சிறு நகரங்களின் வர்த்தக சங்கத்தார் ஜனங்களிடம் முறையிடுகின்றனர். முறையீடு நியாயமானதே. ஆயினும் வெறும் அபிமானத்தை நம்பி வியாபாரம் நிலைப்பதில்லை. 1906-ல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது அபிமானத்திற்கா குறைவு? போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குடையும் இனாமாகக் கொடுத்ததென்பர். 1908-ல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனியும் கலைந்தது. இன்று கைபேசி மூலம் சாமான் விற்கும் பெருங் கம்பெனிகளின் தள்ளுபடியும் அந்தக் குடையின் இனந்தான்.

நஷ்டத்திற்கு விற்கும் பலம் சிறு கடைக்காரருக்கு இல்லை. அவருக்குள்ள பலம் வேறு. விருதுநகர் விருதுப்பட்டியாயிருந்த காலத்தில், அங்குள்ள நாடார் வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பகுதியை மகமையாக ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். 1889-ல் அங்கு க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் பயின்ற பள்ளி அது. மகமை ஒரு சமூகத்தாரின் ஏற்பாடாயிருந்தது மெய்யே. இன்றைய சங்கம் ஊர் முழுமைக்கும் உரியதாதல் வேண்டும்.

ஆகவே, சங்கத்தார் முதலில் தம்மிடமே வரி வசூலிக்கட்டும். கணக்கைப் பகிரங்கமாக ஒட்டட்டும். கடைத்தெருவில் பொதுத் தராசு ஒன்று வைத்து, எடை குறைத்த அங்கத்தினரைத் தாமே கண்டிக்கட்டும். சந்தை நாளில் கிராமங்களிலிருந்து வரும் ஸ்திரீகள் ஒதுங்குவதற்கு ஓரிடமில்லாத கடைத்தெருவில், அபிமானத்தைக் கோரித் தட்டி கட்ட எவருக்கு முகமுண்டு?