எந்திரத்தில் ஏறிய ஏடுகள்

சங்கம் என்று ஒன்று ஏற்பட்டால் அதனுடன் ஓர் இரும்புப் பெட்டியும் ஏற்பட்டுவிடும் என்பது நம்மவர் வழக்கம். அங்கத்தினர் பதிவேடு, சந்தா ரசீதுப் புத்தகம், நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடு, தணிக்கையாளர் கையொப்பமிட்ட வரவு செலவுக் கணக்கு, பதிவுச் சான்றிதழ் ஆகிய யாவும் அப்பெட்டியினுள் அடங்கியிருக்கும். சாவி காரியதரிசியிடம் இருக்கும். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் முன்னோர் கண்ட அமைப்புகள் இப்படித்தான் வளர்ந்தன.

இப்பொழுது பெட்டி சுருங்கிவிட்டது. கூட்டக் குறிப்பு காரியதரிசியின் கைப்பேசியில் உள்ளது. கணக்கு பொருளாளரின் மடிக்கணினியில் உள்ளது. அழைப்பும் தீர்மானமும் வாட்ஸ்அப் குழுவில் ஓடுகின்றன. இம்மாற்றத்தை நாம் குறை கூற வரவில்லை. காலத்தின் போக்கு அது. ஆனால் படம் பிடித்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக நிம்மதி கொள்வதே இன்று பல அமைப்புகளில் காணும் நிலைமை. அதனைப் பற்றி இம்மாதம் நேயர்களுடன் சிறிது ஆராய விழைகின்றோம்.

ஒரு காகிதத்தின் மதிப்பு யாது என்பதைத் தாராவிவாசிகளுக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. தாராவிப் புனரமைப்புத் திட்டத்திற்கான வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு 2024 மார்ச்சு மாதம் கமலா ராமன் நகரில் தொடங்கியது. திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக மெய்ப்பிப்போர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியோர்க்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி வீடு. மேல்மாடிக் குடியிருப்பினர்க்கு வேறு விதி. வீட்டிற்கும் வீடின்மைக்கும், தாராவிக்கும் அதன் புறத்திற்கும் இடையே நிற்பது தேதியிட்ட ஒரு துண்டுக் காகிதமே! கணக்கெடுப்பாளர் அதனை எந்திரத்தில் பதிந்துகொண்டு சென்றனர். நம் கையில் எஞ்சுவது என்ன, அதனை நாம் எவ்வாறு வைத்துள்ளோம் என்பதே கேள்வி.

2005 ஜூலை 26-ஆம் நாளை எவரும் மறந்திருக்க இயலாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரைபுரண்டு தாழ்வான குடியிருப்புகளை மூழ்கடித்தது. அன்று நனைந்து கூழாகிய குடும்ப அட்டைகளும் மின்கட்டண ரசீதுகளும் கணக்கிலடங்கா. ஏழு ஆண்டுகள் கழித்து, 2012 ஜூன் 21 அன்று, மாநில அரசின் தலைமையகமாகிய மந்திராலயத்திலேயே தீ மூண்டது. நான்காம் மாடியில் பற்றிய நெருப்பு மேல்மாடிகளுக்குப் பரவி ஐவர் உயிரைக் குடித்தது. கோப்புகள் குவியல் குவியலாகச் சாம்பலாயின. ஏழையின் குடிசையாயினும் அரசின் மாளிகையாயினும், பிரதியில்லாத காகிதத்தை நீரும் நெருப்பும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இவ்வகையில் எந்திரம் நமக்கு வாய்த்த பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

எனினும், எந்திரத்திற்கும் ஓர் ஒழுங்கு தேவை. இருப்புப்பாதை அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் நமக்கு இது நாள்தோறும் காணும் செய்தி. வந்த கடிதத்திற்கு எண்ணிட்டு வரவுப் பதிவேட்டில் ஏற்றுதல், உரிய கோப்பில் சேர்த்தல், எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று குறித்தல், காலம் முடிந்தபின் மேலதிகாரியின் ஒப்புதலுடன் கழித்தல் என்னும் முறைமை கணிப்பொறிக்கு முந்தியது. 1985-இல் புது தில்லியில் கணிப்பொறி வழிப் பயணச்சீட்டு முன்பதிவு தொடங்கிற்று. 1986-இல் இருப்புப்பாதைத் துறைக்கென ‘கிரிஸ்’ என்னும் தகவல் முறைமை மையம் நிறுவப்பெற்றது. இன்று ஊழியரின் பணிப்பதிவேடே அம்மையம் உருவாக்கிய ‘எச்.ஆர்.எம்.எஸ்.’ என்னும் முறைமையில் ஏறிவிட்டது. 2020 முதல் ஊழியர் தம் பதிவைத் தாமே திறந்து பார்த்து, பிறந்த தேதியோ குடும்ப விவரமோ பிழையாயிருப்பின் திருத்தம் கோரலாம். ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் அப்பதிவையே நம்பியிருப்பதால், இது சிறிய உரிமையன்று. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: தாள் மறைந்தது, முறைமை மறையவில்லை.

இதே முறைமையைத்தான் சட்டமும் கேட்கின்றது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, மின்னணு வடிவில் ஆவணங்களைக் காத்து வைப்பதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றது.

முதலாவது, பின்னர் வேண்டும்பொழுது திறந்து பயன்படுத்தும்படி இருத்தல் வேண்டும். கடவுச்சொல் தெரிந்த ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் திறக்கவொண்ணாத கோப்பு, இருந்தும் இல்லாததே. இரண்டாவது, தோன்றிய வடிவிலேயே, அல்லது அதனைப் பிழையின்றிக் காட்டும் என்று மெய்ப்பிக்கத்தக்க வடிவில் இருத்தல் வேண்டும். ஓரம் வெட்டுண்டு, முத்திரை மங்கிய படம் இதற்கு உதவாது. மூன்றாவது, எங்கிருந்து வந்தது, எவருக்குச் சென்றது, எந்நாளில் எந்நேரத்தில் என்னும் விவரங்கள் உடனிருத்தல் வேண்டும். நம் கைப்பேசிகளில் குவிந்துள்ள ஆயிரம் படங்களில் எத்தனை இம்மூன்றிலும் தேறும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வடிவம் மாறுவதால் வரும் கேடு எத்தன்மையது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று கூறுவர். 1086-இல் அந்நாட்டு அரசன் எடுப்பித்த நிலக்கணக்கேடு ‘டூம்ஸ்டே’ எனப்படும். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு நாட்டுக் கணக்கைத் தொகுத்து லேசர் வட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் எந்திரங்கள் அருகிவிட்டன. அறிஞர்கள் பெரிதும் முயன்றே அதனை மீட்டனர். தோலில் எழுதிய பழைய ஏடோ இன்றளவும் படிக்கக் கிடக்கின்றது!

நம் வீட்டுக் கதையும் வேறன்று. யூனிகோடு பரவுமுன், தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தம் குறியீட்டில் இயங்கின. 1999-இல் ‘டாம்’, ‘டாப்’ என்னும் தரங்கள் வகுக்கப்பெற்றன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இடைக்காலத்தில் பழைய எழுத்துருவில் தட்டெழுதிய ஆண்டறிக்கையை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளே தோன்றும். பனையோலை ஏடுகளை நம் முன்னோர் தலைமுறைக்கொரு முறை பெயர்த்தெழுதிக் காத்தனர். கணிப்பொறி ஏட்டிற்கும் பெயர்த்தெழுதும் கடமை உண்டு. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுக. முடிந்த ஆவணங்களை, நெடுங்காலப் பாதுகாப்பிற்கென்றே வகுத்த ‘பி.டி.எஃப்-ஏ’ வடிவில் வைக்க.

வழக்கு மன்றம் ஏற வேண்டிவரின் இதன் அருமை இன்னும் விளங்கும். ஜால்னா மாவட்டத் தேர்தல் வழக்கொன்றில், 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மூலக் கருவியையே உரியவர் நேரில் முன்வைத்தாலன்றி, மின்னணுப் பதிவின் பிரதிக்குச் சட்டம் கூறும் சான்றிதழ் இன்றியமையாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் அவ்வாறே சான்றிதழ் கேட்கின்றது. அதில் ‘ஹாஷ்’ என்னும் கோவையும் குறிக்கப்பெற வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிட்டெடுக்கும் எண்ணெழுத்து வரிசை அது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் வரிசை மாறிவிடும். பலர் கைமாறி வந்த வாட்ஸ்அப் படத்திற்கு யார் சான்றிதழ் தருவார்?

டிஜிலாக்கர் பற்றியும் ஒரு சொல். 2015 ஜூலையில் மைய அரசு தொடங்கிய இப்பெட்டகத்தில் இருவகை ஆவணங்கள் உண்டு. வழங்கும் துறையே நேராக அனுப்புவன ஒருவகை. நாமே படம் பிடித்து ஏற்றுவன மற்றொருவகை. 2017-இல் திருத்தப்பெற்ற விதியின்படி முன்னவை மூலத்திற்கு நிகராக ஏற்கத்தக்கன. பின்னவை நம் சொந்தப் பிரதிகளே. இவ்வேறுபாட்டை அறியாது மூலத்தைக் கைவிட்டோர் பின்னர் வருந்த நேரிடும்.

இனி நம் சங்கங்களின் செய்திக்கு வருவோம். நாம் அறிந்த அமைப்பொன்றில் காரியதரிசி மாறினார். பழையவரின் கைப்பேசி பழுதுற்றது. மூன்றாண்டுக் கூட்டக் குறிப்புகளும் அதனுடன் மறைந்தன. மகாராட்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி, அறங்காவலர் மாற்றத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் அறநிலைய அலுவலகத்திற்கு அறிவித்தாக வேண்டும். அறிவிப்புடன் இணைக்கத் தீர்மானத்தின் நகல் எங்கே? எவரும் களவாடவில்லை, எவரும் தீங்கு நினைக்கவுமில்லை. சங்கத்தின் சொத்து ஒருவரது சட்டைப்பையில் இருந்தது, அவ்வளவே குற்றம்.

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று: மின்னஞ்சலும் சேமிப்புக் கணக்கும் சங்கத்தின் பெயரால் இருக்கட்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுத் தலைவரிடமும் ஒப்படைக்க. பொறுப்பு மாறும் அன்றே கடவுச்சொல்லும் மாறுக.

இரண்டு: கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசை முன்னும் பொருள் பின்னும் வருக. 2025-08-17-நிர்வாகக் குழுக் குறிப்பு என்று பெயரிட்டால், கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும்.

மூன்று: எதற்கும் மூன்று பிரதிகள். கணிப்பொறியில் ஒன்று, தனிச் சேமிப்பு வட்டில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று. ஆண்டிற்கொரு முறை மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதி, பிரதியன்று.

நான்கு: எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருத்தலும் ஒழுங்கன்று. பதிவுச் சான்றிதழ், விதிமுறை, நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கைக் கணக்கு, சொத்துப் பத்திரம் ஆகியன நிலையானவை. பந்தல்காரருடன் நடத்திய கடிதப் போக்குவரத்து அத்தகையதன்று. எதனை, எந்நாளில், எத்தீர்மானப்படி கழித்தோம் என்று எழுதிவிட்டுக் கழிக்க. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

ஐந்து: அங்கத்தினரின் ஆதார் அட்டைப் படங்களைப் பொதுக் குழுவில் உலவவிடாதீர். 2023-இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணிப்பொறியில் ஏறும் பிறர் விவரங்களைக் காக்கும் பொறுப்பை உணர்த்துகின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்பித் தந்தவரின் மானமும் பொருளும் அதில் அடங்கியுள்ளன.

இவையெல்லாம் நமக்குப் புதியன அல்ல. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதித்தன. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் ஓர் ஊர்ச்சபை கல்லிலே எழுதிவைத்த விதி அது. கருவி ஓலையாயினும் கணிப்பொறியாயினும், பொறுப்பேற்றவர் கணக்கை ஒப்படைத்தே இறங்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அடுத்த மகாசபைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குக. எந்திரம் பழகிய நம் பிள்ளைகளையும், பழைய ஏடுகளின் வரலாறறிந்த பெரியவர்களையும் ஒரே மேசையில் அமர்த்துக. முதலில் சங்கத்தின் பெட்டியைத் திறந்து முடித்து, பின்னர் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் திறக்கலாம். தாராவியில் ஆவணம் கேட்கப்படும்பொழுது, தாளும் அதன் பிரதியும் தேடாமல் கைக்கு எட்டும் நிலையில் இருக்குமாயின், அந்த ஒரு ஞாயிறு வீணாயிற்று என்று எவரும் சொல்லார்.