ராஜினாமா கடிதத்தை யார் டைப் பண்ணினது?

"யூனியனா? அதெல்லாம் ஃபேக்டரிக்காரங்களுக்கு பாஸ். நமக்கு எதுக்கு? பிடிக்கலையா, பேப்பரைப் போட்டுட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிட்டே இருக்கலாம்."

பொட்டி தட்டுற மக்கள் பத்துப் பேர் டீ குடிக்கிற இடத்துல தொழிற்சங்கம்னு வாயைத் திறந்து பாருங்க. எட்டுப் பேர் இதைத்தான் சொல்வாங்க. மீதி ரெண்டு பேர் மொபைலை நோண்டிக்கிட்டு இருப்பாங்க. :) கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போனதால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

பேப்பரைப் போடுறதுங்கறது மார்க்கெட் நல்லா இருக்கறப்போ நாம பண்றது. மார்க்கெட் படுத்துருச்சுன்னா அதே பேப்பரை நம்ம பேர்ல கம்பெனியே போட்டுக்கும். எப்படின்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். என் நண்பன் ஒருத்தன், எட்டு வருஷ சர்வீஸ். எந்தக் கம்பெனிங்கறது இங்க முக்கியமில்ல. ஒரு நாள் மதியம் பேரே இல்லாத ஒரு மீட்டிங் அழைப்பு வருது. உள்ள போனா ரெண்டு ஹெச்.ஆர். ரொம்ப மரியாதையாத்தான் பேசறாங்க, தண்ணி கூடக் குடுக்கறாங்க. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் சுத்தமா வந்துடும். இல்லைன்னா டெர்மினேஷன்னு போடவேண்டி இருக்கும், அடுத்த கம்பெனி செக் பண்ணும்போது உங்களுக்குத்தான் கஷ்டம்." ராஜினாமா மெயில் ஏற்கனவே டைப் பண்ணி ரெடி. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், இதுவரை அளித்த வாய்ப்புகளுக்கு நன்றி. இவன் 'அனுப்பு' பட்டனை அமுக்கினா போதும். வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கலாமான்னு கேட்டதுக்கு, முதல்ல இதை முடிச்சிடலாமேன்னு பதில். முடிச்சிட்டான்.

அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு நாடகம், ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து அனுப்பிட வேண்டியதுதானேன்னு தோணுதா? காரணம் இருக்கு.

ஒரு வருஷத்துக்கு மேல வேலை பார்த்த தொழிலாளியை முதலாளி தன் பக்கக் காரணத்துக்காக அனுப்பினா அதுக்குப் பேர் ஆள் குறைப்பு. ஒரு மாச நோட்டீஸ் இல்லைன்னா அதுக்கான சம்பளம், ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, அரசாங்கத்துக்குத் தகவல். பொதுவா கடைசியா வந்தவர் முதல்ல போகணும், அதை மாத்தினா ஏன்னு காரணத்தைப் பதிவு பண்ணணும். இதெல்லாம் 1947 தொழில் தகராறு சட்டத்துல இருந்துச்சு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. ஆனா நீங்களே ராஜினாமா பண்ணிட்டீங்கன்னா இதுல ஒரு வரி கூட உங்களைக் காப்பாத்தாது. கம்பெனி யாரையும் அனுப்பல, கணக்குல ஆள் குறைப்பே நடக்கல, ஒரு ஊழியர் சொந்தக் காரணத்துக்காகப் போயிட்டார். அவ்வளவுதான் மேட்டர். அந்த ரூம்ல குடுத்த தண்ணிக்கும் மரியாதைக்கும் அர்த்தம் இதுதான்.

"நாமெல்லாம் தொழிலாளி கணக்குல வரமாட்டோமே, எஞ்சினியராச்சே?"ன்னு ஒரு கேள்வி வரும். நம்மாளுங்க பெருமையாக் கேக்கற கேள்வி, கம்பெனி வக்கீல் கோர்ட்ல எடுத்து வைக்கிற வாதமும் அதேதான். சட்டம் விசிட்டிங் கார்டுல இருக்கற பதவியைப் பார்க்கறதில்ல, என்ன வேலை செய்யறோம்னு பார்க்குது. டெக்னிக்கல் வேலை செய்யறவங்க அந்த வரையறைக்குள்ள வர்றவங்கதான். டீம் லீட்னு பேர் வச்சுட்டா ஒருத்தர் நிர்வாகி ஆயிட மாட்டார். 2014 கடைசியில டி.சி.எஸ். ஆட்களை அனுப்ப ஆரம்பிச்சப்போ சென்னையில ஒரு பெண் ஊழியர், அப்போ கர்ப்பமா இருந்தவர், ஹைகோர்ட்டுக்குப் போனார். 2015 ஜனவரியில இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி அந்த டெர்மினேஷன் உத்தரவைத் திரும்ப எடுத்துக்கிச்சு. கோர்ட்டுக்குப் போனது ஒருத்தர். பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர்?

இப்போ மறைமலைநகர் பக்கம் வாங்க. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவில கார் தயாரிக்கறதை நிறுத்தப் போறதா அறிவிச்சுது. அங்க சங்கம் இருந்துச்சு. பேச்சுவார்த்தை, உள்ளிருப்பு, 2022 மே கடைசியில ஸ்ட்ரைக், மறுபடி பேச்சுவார்த்தைன்னு இழுத்துச்சு. சட்டம் சொல்ற குறைந்தபட்சம் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு மேல சொன்னேன் இல்லையா? அங்க கம்பெனி கடைசியா ஒத்துக்கிட்டது, வருஷத்துக்கு நூறு நாளுக்கும் மேல. அதுலயும் அவங்களுக்குத் திருப்தி இல்ல, அவங்க கேட்டது வேலையை. ஆலை மூடினது மூடினதுதான், சங்கத்தால அதைத் தடுக்க முடியல. ஆனா போற மனுஷன் கையில என்ன இருந்துச்சுங்கறதுதான் வித்தியாசம். ஐ.டி.ஐ. படிச்சுட்டு அசெம்பிளி லைன்ல நின்னவர் வருஷத்துக்கு நூறு நாளுக்கு மேல பேசி வாங்கறார். எஞ்சினியரிங் படிச்ச நம்மாளு ரெண்டு மாச சம்பளத்தை வாங்கிட்டு நன்றின்னு மெயில் அனுப்பறான். இதுல யாருக்குப் பேரம் பேசத் தெரியும்னு நீங்களே சொல்லுங்க.

"தனியாவே பேசிக்குவோம், திறமை இருக்கறவனுக்குச் சங்கம் தேவையில்ல"ன்னு சொல்றவங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கறதே இல்ல. முதலாளிங்க தனியா பேசறதில்ல. நாஸ்காம்னு ஒண்ணு இருக்கே, அது என்ன? 1988-லயே கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம்ங்க அது. அவங்க சந்தா கட்டறாங்க, கூட்டம் போடறாங்க, மந்திரியைப் பார்த்துக் கோரிக்கை வைக்கறாங்க. 2006-ல் தேசியத் திறன் பதிவேடுன்னு ஒண்ணு கொண்டு வந்து, நம்ம படிப்பு, வேலை வரலாறு, கைரேகை வரைக்கும் ஒரே இடத்துல சேர்க்கற ஏற்பாட்டையும் பண்ணிட்டாங்க. அவங்க சேர்ந்தா தொழில் வளர்ச்சி, நாம சேர்ந்தா மட்டும் கலாட்டாவா?

அமெரிக்காவுல இதைவிடக் கூத்து. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி மாதிரி கம்பெனிகள், உன் ஆளை நான் இழுக்கமாட்டேன், என் ஆளை நீ இழுக்காதேன்னு ரகசியமாப் பேசி வச்சிருந்தாங்க. 2010-ல் அமெரிக்க நீதித்துறை கேஸ் போட்டு அதை நிறுத்தினுச்சு. அப்புறம் ஊழியர்கள் சேர்ந்து போட்ட வழக்குல 2015-ல் 41.5 கோடி டாலருக்கு செட்டில்மெண்ட். கிட்டத்தட்ட 64,000 பேர் சம்பந்தப்பட்ட வழக்கு. கூகுள் ஆள் ஒருத்தர் ஆப்பிள் ஊழியரை வேலைக்குக் கூப்பிட்டுட்டார்னு ஸ்டீவ் ஜாப்ஸ் புகார் பண்ண, அவரை வேலையை விட்டுத் தூக்கறோம்னு கூகுள்ல இருந்து பதில் போக, ஜாப்ஸ் அதுக்கு அனுப்பினது ஒரு ஸ்மைலி. நிஜமாத்தான், கோர்ட் ஆவணத்துலயே இருக்கு. உலகத்துலயே திறமையான எஞ்சினியர்கள் இருக்கற ஊர்லயே "பிடிக்கலைன்னா அடுத்த கம்பெனி"ங்கறதோட லட்சணம் இது.

சரி, எதிர்ப்பக்கத்துல நியாயமே இல்லையா? இருக்கு. கேரளாவுல நோக்குகூலின்னு ஒண்ணு ஓடிச்சு. நம்ம சாமானை நாமே இறக்கினாலும், வேடிக்கை பார்த்ததுக்குச் சங்கத்துக்காரங்களுக்குக் கூலி குடுக்கணும். 2018 மே 1 முதல் அதுக்குத் தடை போட்டது அங்க இருந்த இடதுசாரி அரசாங்கம்தான். அதுக்கு வக்காலத்து வாங்க நான் வரல, அது சுத்த ரவுடித்தனம். கட்சிக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு சங்கம்னு பிரிஞ்சு கிடக்கறதும் உண்மை. ஆனா எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருத்தர் ஏமாத்திட்டார்னு யாரும் இன்சூரன்ஸே வேண்டாம்னு சொல்றதில்லையே.

"யூனியன் வந்தா கம்பெனி ஓடிடும்"ங்கறது அடுத்த பூச்சாண்டி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர்ல மூடினதுக்குக் காரணம் வரித் தகராறும், மைக்ரோசாஃப்டுக்கு வித்தப்போ அந்த ஆலை அதுல சேர முடியாமப் போனதும். அதே ஊர்ல 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேல வெளிய வந்து உக்காந்தாங்க. 37 நாள். முக்கியக் கோரிக்கையே எங்க சங்கத்தை ஏத்துக்கோங்கங்கறதுதான். கம்பெனியோட ஒரு ஆட்சேபம் என்ன தெரியுமா? சங்கத்துப் பேர்ல 'சாம்சங்' வரக்கூடாது, அது எங்க டிரேட்மார்க்! வருஷக்கணக்கா சாம்சங்ல வேலை பார்க்கறேன்னு சொல்லலாம், சாம்சங் தொழிலாளர் சங்கம்னு சொல்லக் கூடாதாம். ஹைகோர்ட் வரைக்கும் போய், 2025 ஜனவரி 27-ல் பதிவு ஆச்சு. கம்பெனி எங்கயும் ஓடல.

சங்கம் பதிவு பண்றது ஏதோ பெரிய புரட்சின்னு நினைக்காதீங்க. 1918-ல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தினப்போதான் அது ரிஸ்க். பின்னி கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் சங்கத் தலைவர்கள் மேலயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டுது. அந்த வழக்கு கிளப்பின கோபத்துலதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்கற பேச்சு வலுத்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. ஐ.டி.காரங்களும் சங்கம் வச்சுக்கலாம், தடையே இல்லைன்னு தமிழக அரசு 2016-லயே தெளிவா சொல்லிடுச்சு. பதிவு பண்ண ஏழு பேர் விண்ணப்பம் போட்டாப் போதும். அந்த நிறுவனத்துல பத்து சதவீதம் அல்லது நூறு பேர், ரெண்டுல எது கம்மியோ அத்தனை பேர் உறுப்பினரா இருக்கணும். நூறு பேருங்க. எங்க ஆபீஸ் கேண்டீன்ல தயிர் சாதத்துக்கு அதைவிடப் பெரிய வரிசை நிக்குது.

டிஸ்கி: "அப்போ நீ முதல்ல சேரு"ன்னு பின்னூட்டம் போட ரெடியா இருக்கற அனானி அண்ணாச்சிக்கு: சேர்ந்தாச்சு, சந்தாவும் கட்டியாச்சு. நண்பனும் இப்போ சேர்ந்திருக்கான். அந்த மெயிலை அவனா எழுதலைங்கறதை லேபர் ஆபீஸ்ல எப்படி நிரூபிக்கறதுன்னுதான் ரெண்டு வாரமா உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம். இந்த மாதிரி கேஸ் நடத்தின அனுபவம் யாருக்காவது இருந்தா தனிமடல் அனுப்புங்க.