மேசைமேற் போர்

போரை விளையாட்டாக்குதல் தகுமோ என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். மேசைமேல் சிறு டாங்கிகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வி காணும் பொழுதுபோக்கைக் குறித்தே இவ்வினா எழுந்தது.

எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நூலாசிரியர், பொம்மை வீரரையும் பீரங்கிகளையும் கொண்டு ஆடும் ஆட்டத்திற்கு விதிகள் வகுத்து, 1913ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். ஆடுவோர் மெய்ப்போரின் பேதைமையை உணர்வர் என்பது அவர் துணிபு. மறு ஆண்டே ஐரோப்பாவில் மாபெரும் யுத்தம் மூண்டது. ஆதலின் ஆட்டம் தானாகவே அறிவு புகட்டிவிடும் என்று யாம் கூறோம்.

ஆயினும் அதனை விலக்குதல் வேண்டா. எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்யப்பெற்ற ஷெர்மன் டாங்கியின் உரு ஏறத்தாழ மூன்றங்குல நீளமே உடையது. மெய்யான அவ்வண்டியினுள்ளோ ஐவர் அமர்ந்து போர் புரிந்தனர். வீழ்ந்த உருவைப் பெட்டியிலிட்டு மறுநாள் மீண்டும் களத்தில் நிறுத்தலாம், அவ்வைவரை நிறுத்தலாகுமோ?

எனவே, ஆட்ட முடிவில் வீழ்ந்த வண்டிகளை எண்ணும் இளைஞர், அவற்றிற்குரிய மக்களையும் எண்ணி, அத்தொகையை உரக்கச் சொல்வாராக. அதனைக் கேட்டு வென்றவரும் சற்றே வாளா இருப்பரேல், அவ்விளையாட்டுக் கல்வியாகும் என்பது எமது கருத்து.